அக்ரிலிக்கா, ஒயிலா, தண்ணீரில் கரையும் ஒயிலா: சோளகக் காற்றில் வைத்துப் பார்த்த கணக்கு

ஒயில் பெயின்றிங் பழகப் போகிறேன் என்று வாயெடுத்தால் போதும், "முதல்ல அக்ரிலிக்கில தொடங்கு, அது லேசு, கெதியாக் காயும்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். எனக்கும் சொன்னார்கள். ஓ.எல். பரீட்சையில் சித்திரப் பாடத்துக்குப் போஸ்டர் கலர் பூசியதோடு பிறஷைக் கட்டிவைத்துவிட்டு, வேலை, வீடு என்று கனகாலம் போனபிறகு திரும்ப ஆசை வந்து தொடங்கிய ஆள் நான். இன்னமும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனபடியால் இதைத் தேர்ந்த ஓவியர் ஒருவரின் தீர்ப்பாக எடுக்க வேண்டாம். ஆனால் மூன்று வகைப் பெயின்றையும் ஒரே மேசையில் வைத்து, ஒரே பொருளை வரைந்து பார்த்திருக்கிறேன். "கெதியாகக் காயும்" என்பதை நன்மைக் கணக்கில் எழுதுவதா, தீமைக் கணக்கில் எழுதுவதா என்பது உங்களுக்கு ஒரு நாளில் எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது என்பதைப் பொறுத்தது. இதை ஏன் ஒருவரும் முதலிலேயே சொல்வதில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

பொருள், பனம்பழம். சீசனில் சும்மா கிடைக்கும் என்பதற்காக மட்டும் அதை எடுக்கவில்லை. கையில் எடுத்துக் கிட்டப் பிடித்துப் பாருங்கள். பெரும்பகுதி கறுப்பு, ஆனால் வெறும் கறுப்பில்லை, வெளிச்சம் படுகிற பக்கம் ஊதா கலந்த ஒரு மினுக்கம் இருக்கும். காம்புப் பக்கத்துச் செதில்கள் கழன்ற இடத்தில் பளிச்சென்ற செம்மஞ்சள். இரண்டுக்கும் நடுவே, எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று சொல்லமுடியாத ஒரு கபில நிறம். அந்த நடுநிறத்தை வெட்டுத் தெரியாமல் கொண்டுபோக முடிகிறதா என்பதுதான் சோதனை.

முதலில் அக்ரிலிக். அதிலுள்ள தண்ணீர் ஆவியாகிப் போக, பிளாஸ்ரிக் துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிவிடும். ஒருமுறை காய்ந்தால் காய்ந்ததுதான், தண்ணீர் விட்டாலும் திரும்ப வராது. குளிர் நாட்டுக்காரர் வீடியோவில் பத்துப் பதினைந்து நிமிடம் ஆறுதலாகக் கலந்துகொண்டிருப்பார்கள். இங்கே யாழ்ப்பாணத்தில் சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, வீசுகிற மாதங்களில், யன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு வேலை செய்தால், கபில நிறத்தைக் கலந்து முடித்துப் பிறஷைத் திருப்பும்போதே தட்டில் தோல் பிடித்திருக்கும். யன்னலைச் சாத்தினால் வேர்வை படத்தில் சொட்டும். தண்ணீர் விசிறலாம், காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம் சேர்க்கலாம், ஈரக் கடதாசி விரித்த தட்டு வைக்கலாம், எல்லாம் உதவும்தான். ஆனால் வரைவதற்கு இருக்கிற அரைமணித்தியாலத்தில் பாதி பெயின்றுக்குத் தண்ணி காட்டுவதிலேயே போய்விடும்.

இன்னொரு வில்லங்கம் நிறம் மாறுவது. ஈரமாக இருக்கும்போது அக்ரிலிக்கின் பிணைப்பான் பால்போல இருக்கும், காய்ந்ததும் தெளிந்துவிடும், அதனால் நிறம் ஒரு படி இருண்டுபோகும். நேற்றுப் பூசிக் காய்ந்த செம்மஞ்சளுக்குப் பக்கத்தில் இன்று அதே செம்மஞ்சளைக் கலந்து வைத்தால், ஈரத்தில் பொருந்துகிறது காய்ந்ததும் பொருந்தாது. அனுபவசாலிகள் ஊகித்துக் கலப்பார்கள். பழகுகிறவனுக்கு அது மேலதிகத் தலையிடி.

இவ்வளவு சொன்னாலும் அக்ரிலிக்கை மட்டந்தட்டுவது நியாயமில்லை. மணமில்லை, கிணற்றடியிலேயே கழுவலாம், ஒரு மணித்தியாலத்துக்குள் நாலு படை ஏற்றலாம். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உங்களுடையது என்றால் அதுதான் உங்கள் பெயின்ற். வெட்டுத் தெளிவான விளிம்பு, தட்டையான நிறப்பரப்பு, சுவரோவியம், கோயில் திருவிழாவுக்குப் பதாகை, இதற்கெல்லாம் ஒயிலோடு மினக்கெடுவது வீண். அக்ரிலிக்கில் அடிப்படை போட்டு அதன்மேல் ஒயில் பூசலாம் என்பதையும் மறக்க வேண்டாம். மறுவளமாக மட்டும் செய்யக்கூடாது: ஒயிலுக்கு மேலே அக்ரிலிக் பூசினால் அது பிடித்து நிற்காது, ஒருநாள் உரிந்துகொண்டு வரும்.

இப்போது ஒயிலுக்கு வருவோம். ஒயில் "காய்வது" என்று நாங்கள் சொல்வது உண்மையில் காய்வதே இல்லை. பெயின்றில் நிறத்தோடு கலந்திருக்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்து, மெதுவாக இறுகிப் படலமாகிறது. ஆவியாகிப் போக அதற்குள் தண்ணீர் இல்லை, ஆகவே சோளகம் எவ்வளவு வீசினாலும் தட்டில் இருப்பது அரைமணித்தியாலத்தில் தோல் பிடிக்காது. வேலைக்குப் போய்வந்து, சாப்பிட்டு, பிள்ளைகளின் படிப்புப் பார்த்து, இரவு ஒன்பது மணிக்குமேல் கிடைக்கிற அந்தத் துண்டு நேரத்தில் பனம்பழத்தின் ஒரு பக்கத்தை மட்டும் பூசிவிட்டுப் படுக்கலாம், அடுத்தநாள் இரவு வந்தால் விளிம்பு இன்னும் இளக்கமாகவே இருக்கும், விட்ட இடத்திலிருந்து இழுத்துக்கொண்டு போகலாம். மிஞ்சிய பெயின்றைக் காற்றுப் புகாத பிஸ்கற் பேணிக்குள் தட்டோடு மூடிவைத்தால் அதுவும் காத்திருக்கும். நேற்றைய செம்மஞ்சளும் இன்றைய செம்மஞ்சளும் ஒன்றாகவே தெரியும். மெதுவாகக் காய்வது குறை என்கிறார்கள், உத்தியோகம் பார்க்கிறவனுக்கு அதுதான் வரம்.

(நிறுத்தி நிறுத்தி வரையும் இந்த வசதிக்கு ஒரு அமெரிக்கருக்கு நன்றி சொல்லவேண்டும். ஜோன் கோஃப் ராண்ட் என்ற ஓவியர் 1841இல் உலோக ரியூபுக்குக் காப்புரிமை எடுக்கும்வரை, கலந்த பெயின்றைப் பன்றியின் மூத்திரப்பைக்குள் கட்டித்தான் வைத்திருந்தார்கள்.)

நடுநிறச் சோதனையில் ஒயிலுக்குக் கிட்ட வேறெதுவும் வரவில்லை. அல்ட்ராமரைன் நீலத்தையும் பேர்ன்ட் அம்பர் என்ற கடுங்கபில நிறத்தையும் கலந்தால் ஒரு ஆழமான கறுப்பு வரும், நீலம் கூடினால் குளிர்ச்சி, அம்பர் கூடினால் சூடு. கடையில் வாங்கும் கறுப்பு ரியூப் இந்தப் பழத்துக்குத் தேவையே இல்லை. இந்தக் கறுப்பைச் செம்மஞ்சளுக்குப் பக்கத்தில் வைத்து, காய்ந்த மெல்லிய பிறஷ் ஒன்றால் இரண்டும் தொடுகிற இடத்தில் மட்டும் லேசாகத் தடவினால், அந்தக் கபில நிறம் தானாக வந்து உட்காரும். அதே கலவையில் வெள்ளை சேர்த்தால் பனையின் தண்டு. இளைப்பாறிய சித்திர ஆசிரியர் ஒருவரிடம் இடைக்கிடை போய்க் காட்டுவேன், அவர் ஒருநாள் சொன்னார்: "தம்பி, பனைக்கு மண்ணிறம் அடிக்கிறவன் பனையைப் பாக்கேல்லை, பனையெண்ட பேரைத்தான் பாத்திருக்கிறான்." வெளியே போய்ப் பாருங்கள், சாம்பல்தான்.

சரி, ஒயிலின் கெட்ட பக்கம். எல்லா நிறமும் ஒரே வேகத்தில் இறுகாது. அம்பரில் மங்கனீசு இருப்பதால் மெல்லிய படை இரண்டொரு நாளில் தொட்டுப் பார்க்கிற அளவுக்கு வந்துவிடும். டைட்டேனியம் வெள்ளையும் கட்மியம் சிவப்பும் ஒரு கிழமைக்கு மேல் இழுத்தடிக்கும். கெதியாக இறுகுவதைக் கீழேயும், எண்ணெய் கூடியதை மேலேயும் பூசவேண்டும் என்ற விதி இதனால்தான். மாறிப் பூசினால் கீழே இளக்கம், மேலே இறுக்கம், காலம் போக வெடிப்பு விடும். மாரி மழைக்காலத்தில் ஈரக்குணத்தால் எல்லாமே இன்னும் தாமதம். சோளகக் காலத்தில் வேறு கரைச்சல்: செம்மண் புழுதி ஈரப் படத்தில் வந்து ஒட்டும், ஒட்டினால் சுரண்டுவதைத் தவிர வழியில்லை. படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி, சற்றுச் சாய்வாக வைத்தால் பாதிப் புழுதி தப்பும். அதற்காக அலுமாரிக்குள் பூட்டிவைக்கவும் கூடாது, இருட்டில் ஆளிவிதை எண்ணெய் மஞ்சளிக்கும். அப்படி மஞ்சளித்தால் வெளிச்சத்தில் கொஞ்சக்காலம் வைக்கப் பெரும்பாலும் தெளியும்.

அப்புறம், ஒயிலை இளக்கவும் பிறஷ் கழுவவும் பாவிக்கும் டேர்பன்டைன். பூட்டிய அறைக்குள், நுளம்புக்குப் பயந்து யன்னலும் சாத்தியிருக்க, அதைத் திறந்து வைத்துக்கொண்டு வரைந்தால் தலையிடி நிச்சயம். என்னைக் கேட்டால் வீட்டுக்குள் அது தேவையே இல்லை. பெயின்றை இளக்குவதற்குச் சில துளி ஆளிவிதை எண்ணெய் போதும். பிறஷைக் கழுவ முதலில் துணியால் நன்றாகத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தொட்டு நிறத்தை இளக்கி, பிறகு சவர்க்காரம். எங்கள் கிணற்றுத்தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருகிற கடின நீர், சவர்க்காரம் நுரைக்கப் பஞ்சிப்படும், ஆனால் நுரை வெள்ளையாக வரும்வரை விடாதீர்கள். தேங்காய் எண்ணெய் ஒருநாளும் இறுகாது, அது பிறஷில் மிஞ்சிப் படத்துக்குள் போனால் அந்த இடம் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். மண்ணெண்ணெயில் கழுவுகிறவர்களும் இருக்கிறார்கள், அதுவும் பிசுக்கு விட்டுப்போகும். ஹாட்வெயாரில் மரவேலைக்கு விற்கும் கொதிக்கவைத்த லின்சீட் (ஆளிவிதை) எண்ணெயையும் விட்டுவிடுங்கள், அதில் காயவைக்கும் உலோக உப்புகள் இருக்கும், படம் கறுக்கும்.

ஒன்றை விளையாட்டாக எடுக்கவேண்டாம்: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தன்பாட்டில் சூடாகித் தீப்பிடிக்கக்கூடும். எங்கள் வெக்கைக்கு இன்னும் கவனம் தேவை. ஒவ்வொன்றாக விரித்து வெளியே கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய பேணிக்குள் போட்டு மூடுங்கள்.

மூன்றாவது, தண்ணீரில் கரையும் ஒயில். வின்சர் அண்ட் நியூட்டனின் ஆர்டிசன், ரோயல் டாலன்ஸின் கோப்ரா என்பவை இந்த வகை. இதுவும் எண்ணெய்தான், தண்ணீரோடு சேரும்படி மாற்றிச் செய்த எண்ணெய். டேர்பன்டைன் வேண்டாம், தண்ணீரும் சவர்க்காரமும் போதும், இறுகும் வேகம் ஏறக்குறையச் சாதாரண ஒயில்தான். கேட்க எல்லாம் வடிவாகத்தான் இருக்கிறது. கனடாவிலிருந்து வந்த பெரியம்மாவின் மகள் ஒரு சிறிய பெட்டி கொண்டுவந்து தந்தாள், பனம்பழத்தை அதிலும் பூசினேன். ரியூபிலிருந்து அப்படியே எடுத்துப் பூசும்வரை ஒயிலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தண்ணீர் சேர்த்ததும்தான் குணம் மாறுகிறது: நிறம் லேசாகப் பால்கட்டி, பிறஷின் கீழே ஒருவித இழுவை வந்துவிடும், வழுக்கிக்கொண்டு போகாது. அந்தக் கபில நிறத்துக்கு அந்த வழுக்கல்தான் வேண்டும். தண்ணீருக்குப் பதிலாக அதற்கென்றே வரும் எண்ணெயைச் சேர்த்தால் இழுவை குறையும், ஆனால் அந்தப் போத்தலையும் வெளியூரிலிருந்துதான் எடுக்கவேண்டும்.

இங்கேதான் அது என்னிடம் தோற்றது. நல்ல பெயின்ற்தான், ஆனால் வெள்ளை முடிந்தால் என்ன செய்வது? ஒயிலில் எப்போதும் முதலில் முடிவது வெள்ளை. எங்கள் ஊர்க் கடைகளில் இந்த வகையை நான் கண்டதில்லை. கொழும்பிலிருந்து எடுப்பிக்கலாம், அல்லது அடுத்த கோடை விடுமுறைக்கு யாராவது வரும்வரை காத்திருக்கலாம். சாதாரண ஒயில் வெள்ளையைக் கொஞ்சம் கலந்தால் தாங்கும், கூடினால் தண்ணீரில் கரையும் குணமே போய்விடும், பிறகு எதற்கு அது? 2022இல் டொலர் இல்லாமல் இறக்குமதி நின்றபோது பால்மாவுக்கே வரிசையில் நின்றவர்கள் நாங்கள். பக்கத்துக் கடையில் திரும்ப வாங்கக்கூடியதா என்ற கேள்வி இங்கே பெயின்றுக்கும் பொருந்தும். இந்தியாவின் கெமல் ஒயில் ரியூப்கள் தேடினால் கிடைக்கும், மாணவர் தரம்தான், நிறச்செறிவு குறைவு, ஆனால் பழகுவதற்குப் போதும். காசு இருந்தால் வெள்ளையையும் அல்ட்ராமரைனையும் மட்டும் நல்ல தரத்தில் வாங்குங்கள். பெட்டி நிறைய 24 நிறம் வாங்குவது வீண்செலவு.

ஆனாலும் வீட்டில் சின்னப்பிள்ளைகள், இழுப்பு நோய்க்காரர் இருந்தால், அல்லது ஒற்றை அறையில் இருந்துகொண்டு வரைகிறீர்கள் என்றால், வெளிநாட்டில் ஒரு நம்பிக்கையான ஆளும் இருந்தால், தண்ணீரில் கரையும் ஒயிலைத் தயங்காமல் எடுங்கள்.

கன்வஸா ஹாட்போட்டா என்பதற்கு அதிகம் யோசிக்கத் தேவையில்லை. பழகும்வரை ஹாட்போட், மரநாரை அமுக்கிச் செய்த பலகை. எட்டுக்கு நாலு அடித் தகடு ஒன்றை 12க்கு 16 அங்குலமாக அறுப்பித்தால் கிட்டத்தட்ட 24 துண்டு வரும், இரண்டு பக்கமும் ஜெசோ என்ற வெள்ளை அடிப்பூச்சுப் பூசினால் வளையாது. கறையானுக்கு மட்டும் கவனம், நிலத்தில் சாத்தி வைக்கக்கூடாது. கன்வஸ் மாரிக்குத் தொய்யும், கோடைக்கு இறுகும், பூஞ்சணமும் பிடிக்கும். ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு, இறுகிய படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, பெயின்ற் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டிக்கொண்டு போகலாம். ஓவியர் அ. மாற்குவின் எத்தனையோ படங்கள் போர்க்கால இடப்பெயர்வுகளில் இல்லாமற் போன ஊரில், 1995இல் ஒரு பையோடு வெளிக்கிட்டவர்கள் இருக்கிற ஊரில், இது அற்பமான யோசனை என்று யாரும் சொல்லமாட்டார்கள். விற்கவோ கொடுக்கவோ நினைக்கிற படம் என்றால் கன்வஸ்.

ஒரே இருப்பில் முடிப்பதா, படை படையாக ஏற்றுவதா? வீடியோக்களில் ஒரே இருப்புத்தான் கவர்ச்சி. அதற்கு மூன்று மணித்தியாலம் தொடர்ந்து வேண்டும், கையும் பழகியிருக்க வேண்டும். துண்டு நேரக்காரருக்குப் படைதான்: முதல் இரவுகளில் அம்பரால் மட்டும் இருட்டும் வெளிச்சமும், அது காய்ந்தபிறகு நிறம். அம்பர் படை காய்கிற இரண்டு மூன்று நாளும் சும்மா இருக்காமல் அடுத்த துண்டைத் தொடங்கலாம், என் மேசையில் எப்போதும் இரண்டு படம் மாறி மாறி ஓடும். மாரிக்குத்தான் இந்தக் கணக்குப் பிசகுகிறது. லிக்வின் என்ற அல்கைட் திரவத்தைக் கலந்தால் படைகள் ஓரிரு நாளிலிருந்து ஒரு கிழமைக்குள் தொடக்கூடியதாகிவிடும், அதில் மணம் உண்டு, யன்னல் திறந்திருக்க வேண்டும். கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் சின்னப் போத்தல் ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன், ஐப்பசி மழை தொடங்க முதல் வந்துசேர்ந்தால் சரி.