கம்பத்திலிருந்து வீட்டுச் சுவர் வரை: பிராட்பேண்ட் கேபிள்களில் எது பாதுகாப்பானது?

பிராட்பேண்ட் இணைப்புகளை ஒப்பிடுபவர்கள் வேகத்தையும் மாதக் கட்டணத்தையும் எடுத்துக்கொள்கிறார்கள். தெருக் கம்பத்திலிருந்து வீட்டுச் சுவர் வரை வரும் கடைசித் துண்டுக் கேபிள் எதனால் ஆனது, அதைக் கட்டியவர் எதன்மேல் ஏறி நின்று கட்டினார், மழைக்காலத்தில் அது எதன்மேல் உரசும் என்பவை அந்தக் கணக்கில் வருவதே இல்லை. இந்த அலசல் அந்தக் கடைசித் துண்டைப் பற்றியது. தமிழ்நாட்டில் இப்போது அது கோஆக்சியல் கேபிளாகவோ, எஃகுக் கம்பி வைத்த ஃபைபராகவோ, உலோகமே இல்லாத ஃபைபராகவோ வருகிறது; சில இடங்களில் மண்ணுக்கடியிலும், சில இடங்களில் கேபிளுக்குப் பதில் கம்பியில்லா இணையத்தை வாங்கும் மொட்டை மாடி ரேடியோ வழியாகவும் வருகிறது. ஃபைபர் என்றாலே பாதுகாப்பு, செம்பு என்றாலே ஆபத்து என்று பலரும் பிரித்துவிடுகிறார்கள். நான் அப்படிப் பிரிக்க மாட்டேன். தெருவிலிருந்து வீட்டுக்குள் வரை தொடர்ச்சியாக ஓடும் உலோகம் ஏதேனும் உண்டா என்பதே முதல் கேள்வி. மற்றவை எல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும்.

கோஆக்சியல் கேபிளில் அந்த உலோகம் கண்ணுக்குத் தெரிகிறது. நடுவில் ஒரு கம்பி, சுற்றிலும் பின்னல் உறை. கேபிள் டி.வி. காலத்தில் தெருத்தெருவாக இழுக்கப்பட்ட இதே கேபிள்களில்தான் பல ஊர்களில் இணையமும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. வழியிலுள்ள ஆம்ப்ளிஃபயர்களுக்கு வேண்டிய மின்சாரத்தையும், பெரும்பாலும் 60 வோல்ட் மாறுமின்னோட்டமாக, இதே கேபிள் சுமந்து செல்வதுண்டு. செட்டாப் பாக்ஸின் பின்பக்கத்தைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்று இழுப்பதைப் பல வீடுகளில் உணர்ந்திருப்பார்கள். அதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த 60 வோல்ட் அல்ல. எர்த் பின் இல்லாத இரண்டு பின் அடாப்டர்களில், இரைச்சலை வடிகட்டுவதற்காக வைக்கப்படும் சிறிய கெபாசிட்டர்கள் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் வெளி உறைக்குக் கசிகிறது. ஒரு வீட்டுக் கசிவு ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் ஒரே பின்னல் உறையில் முப்பது வீடுகள் இணைந்திருந்து, அந்த உறை எங்குமே நில இணைப்புப் பெறாமல் இருந்தால், முப்பது வீட்டுக் கசிவும் சேர்ந்து, கம்பத்தில் ஏணி சாய்த்து நின்று வெறுங்கையால் கனெக்டரைக் கழற்றுபவரின் உடல் வழியாகப் போக வழி தேடும். அதிர்ச்சியால் இறந்துபோகாவிட்டாலும், திடுக்கிட்டுக் கையை விட்டு ஏணியிலிருந்து விழுவதற்கு அது போதும்.

இவற்றில் ஏதாவது ஒரு வீட்டில் பழுதான டி.வி.யின் உடற்பகுதிக்கு 230 வோல்ட் நேரடியாக வந்துவிட்டால், அந்தத் தெருவின் எல்லா வீடுகளுக்கும் அது கேபிள் வழியே போய்ச் சேரும். இதற்கான தீர்வு புதிதல்ல. கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே அதன் உறையை வீட்டின் எர்த்துடன் இணைக்க வேண்டும் என்பது இத்துறையின் பன்னாட்டுப் பாதுகாப்புத் தரமான ஐ.இ.சி. 60728-11 முழுவதும் ஓடும் கருத்து. இந்த இணைப்பைத் தருவதற்கான சிறிய பித்தளைத் துண்டு ஒன்றும் விலை உயர்ந்ததல்ல. இருந்தும் நம் தெருக்களில் அது அரிதாகத்தான் கண்ணில் படுகிறது. எர்த் செய்யப்பட்ட கோஆக்சியல் ஏற்கத்தக்க வழி. எர்த் செய்யப்படாதது எவ்வளவு வேகம் கொடுத்தாலும் நான் பரிந்துரைக்காத வழி.

அடுத்தது ஃபைபர். இங்கேதான் வாடிக்கையாளர்களும், நிறுவுகிறவர்களில் ஒரு பகுதியினரும் ஏமாந்துபோகிறார்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பது உண்மை. ஆனால் 125 மைக்ரான் தடிமனுள்ள அந்த இழையைத் தனியாக யாரும் கம்பத்தில் கட்டுவதில்லை. நம் ஊர்களில் பரவலாக இழுக்கப்படும் கறுப்புத் தட்டை டிராப் கேபிளை, அதாவது கம்பத்திலிருந்து வீட்டுக்கு இறங்கும் கேபிளை, வெட்டிப் பார்த்தால், இழையின் இரு பக்கமும் வலுவுக்காக இரண்டு மெல்லிய கம்பிகளும், மேலே தொங்கவிடுவதற்கென்று சற்றுத் தடித்த கம்பி ஒன்றும் இருக்கும். தொங்கவிடும் கம்பி பெரும்பாலும் எஃகு. பக்கக் கம்பிகள் எஃகாகவும் இருக்கலாம், கண்ணாடி நாரும் பிசினும் கலந்த எஃப்.ஆர்.பி. குச்சிகளாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வெட்டிய முனையில் ஒரு சிறு காந்தத்தை வைத்தால் எஃகு ஒட்டிக்கொள்ளும், எஃப்.ஆர்.பி. ஒட்டாது, கேபிள் சுருளை வாங்கும் இடத்திலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை இது.

எஃகு வைத்த டிராப் கேபிள் தெருவில் எங்கோ ஒரு இடத்தில் தாழ்வழுத்த மின்கம்பியின் மேல் விழுந்து, அதன் பிளாஸ்டிக் உறை உரசித் தேய்ந்துவிட்டால், மின்கம்பியே இல்லாத அடுத்த சந்தின் முனை வரை அது மின்சாரத்தைக் கொண்டுபோகும். அறுந்து தொங்கும் மின்கம்பியைக் கண்டால் ஒதுங்கிப் போகப் பழகிய மக்கள், அறுந்து தொங்கும் இன்டர்நெட் கேபிளைக் கையால் எடுத்துச் சுற்றி ஓரமாக மாட்டிவிட்டுத்தான் போவார்கள். பக்கக் கம்பிகளும் எஃகாக இருந்தால், அவை சுவரைத் துளைத்து வீட்டுக்குள் உள்ள பெட்டி வரைக்கும் வந்து சேரும். ஃபைபர் என்று சொல்லிக் கொடுத்த இணைப்பில், கோஆக்சியலின் ஆபத்து எர்த் வசதிகூட இல்லாமல் திரும்ப வந்துவிடுகிறது.

இதற்கு எதிர்வாதமும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. எஃகு அதிக இழுவிசையைத் தாங்கும். நீண்ட தூரத்துக்குத் தொய்வில்லாமல் நிற்கும். வேலை செய்பவர் அவசரத்தில் மடித்தாலும் உடைந்துபோகாது. எஃப்.ஆர்.பி. குச்சியைக் கூர்மையாக மடித்தால் முறியும். முறிந்த முனை இழையையும் குத்தும். இந்தக் குறைக்கு மாற்றாக, அராமிட் என்னும் வலுவான செயற்கை நாரை வைத்த, உலோகமே இல்லாத உருண்டை டிராப் கேபிள்கள் சந்தையில் உள்ளன. உயரழுத்த மின்கோபுரங்களிலேயே தொங்கவிடப்படும் முழு மின்கடத்தா ஃபைபர் கேபிள்களின் சிறிய வடிவம் இவை. தொய்வு கவலைதான் என்றால் எஃகுக்குப் போகாமல் இவற்றுக்குப் போகலாம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: எஃகின் வலு எப்போதும் நன்மையாக இருப்பதில்லை. வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று தாழ்வாகத் தொங்கும் கேபிளில் மாட்டிக்கொண்டால், மெல்லிய எஃப்.ஆர்.பி. கேபிள் அறுந்துபோகும், ஒரு வீட்டில் இணையம் நிற்கும். எஃகுக் கம்பி அறுபட மறுத்துக் கொக்கியையோ, சுவர் விளிம்பையோ, சேர்த்துக் கட்டிய மெலிந்த கம்பத்தையோ இழுத்துக்கொண்டு வரும்.

எஃகைத் தவிர்க்கவே முடியாத இடங்களில் செய்ய வேண்டியது இதுதான்: தொங்கவிடும் கம்பியை வெளிச்சுவரின் கொக்கியிலேயே பிரித்துக் கட்டி வெட்டிவிட வேண்டும், இழையும் எஃப்.ஆர்.பி. பக்கக் குச்சிகளும் மட்டுமே வீட்டுக்குள் போக வேண்டும். உலோகம் இல்லை என்பதற்காக எஃப்.ஆர்.பி. கேபிளை மின்கம்பிக்கு அருகில் விடலாம் என்றும் பொருள் கொள்ளக் கூடாது. கடற்கரையோர ஊர்களில் உப்பும் தூசியும் படிந்து நனைந்த கேபிளின் மேற்பரப்பு, 11,000 வோல்ட் அருகில் இருக்கும்போது, கடத்தாப் பொருளாகவே நடந்துகொள்ளும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

மேலேயா, கீழேயா?

2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையிலும், 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களிலும் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தபோது, மேலே போன கேபிள் என்ன ஆகும் என்பதை எல்லோரும் பார்த்தார்கள். நிலத்தடிக் குழாயில் போட்ட கேபிள் புயலுக்கு அசையாது, லாரியில் மாட்டாது, மின்கம்பியின் மேல் விழாது. குடியிருப்பவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த ஒப்பீடு இரண்டே வரியில் முடிந்துவிடும்.

நிறுவுகிறவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அப்படி முடியாது. சென்னையின் உட்பகுதியில் மின்விநியோகமே பெரும்பாலும் நிலத்தடியில்தான் நடக்கிறது. தெருவோரத்தில் நிற்கும் பில்லர் பாக்ஸ் என்னும் மின்விநியோகப் பெட்டிகளே அதற்குச் சாட்சி. அங்கே கடப்பாரையால் தோண்டுவது என்பது, எங்கே ஓடுகிறது என்று தெரியாத மின்கேபிளைத் தேடிக் குத்துவதற்கு ஒப்பானது. தோண்டுவதற்கு முன் அடியில் கேபிளோ குழாயோ வைத்திருக்கும் துறைகளுக்குத் தகவல் சொல்வதற்காக 2023 மார்ச்சில் மத்திய அரசு ஒரு செயலியையே தொடங்கியது. ஆனால் ஒரு வீட்டு இணைப்புக்காக இரண்டு மீட்டர் நீளத்துக்குப் பள்ளம் பறிக்க வரும் துணை ஒப்பந்தக்காரரின் ஆள் அதைத் திறந்து பார்ப்பார் என்று நம்புவதற்கு இடமில்லை. நெடுந்தூர ஃபைபருக்குப் பொதுத்துறையில் 1.65 மீட்டர் ஆழம் என்ற அளவுகோல் நெடுங்காலமாக உண்டு. வீட்டு இணைப்புகள் பல இடங்களில் நடைபாதைக் கல்லுக்குக் கீழேயே முடிந்துவிடுகின்றன. அடுத்த முறை குடிநீர் வாரியம் தோண்டும்போது முதலில் வெட்டுப்படுவதும் அவைதான். மண்ணுக்கடியில் கேபிள்களை இணைக்கும் மூடியிட்ட கேபிள் அறைக்குள் இறங்குவது அதைவிடப் பெரிய ஆபத்து. பக்கத்துச் சாக்கடையிலிருந்து கசிந்து வரும் வாயு மூடியின் கீழ் தேங்கி நிற்கும், மழைநீர் நிற்கும், சில நேரம் அந்த நீரில் மின்கசிவும் இருக்கும். மூடியைத் திறந்துவைத்துக் காற்றோட விட்டு, வாயு அளவைச் சோதித்து, மேலே ஒருவர் காவலுக்கு நிற்காமல் உள்ளே இறங்கக் கூடாது.

அதே உட்பகுதியில் மேலே இழுப்பதும் எளிதல்ல. மின்வாரியக் கம்பம் இல்லாததால் கேபிள்கள் மரங்களிலும் தெருவிளக்குக் கம்பங்களிலும் மொட்டை மாடிக்கு மொட்டை மாடியாகவும் தாவுகின்றன. உலோகத் தெருவிளக்குக் கம்பத்தில் உள்ளே ஒரு ஒயர் உறை கிழிந்திருந்தால், மழை நாளில் கம்பம் முழுவதுமே மின்சாரம் பாயும் பொருளாகிவிடும். சோதனை விளக்கால் தொட்டுப் பார்க்காமல் அதில் ஏணி சாய்ப்பது தவறு. மாடியிலிருந்து கேபிள் முனையை எதிர் மாடிக்கு வீசுவது அதைவிட மோசமான வழக்கம். இடையில் உயரழுத்தக் கம்பி போனால் வீசியவர் பிழைப்பது அரிது.

மாவட்டத் தலைநகரங்களிலும் கிராமங்களிலும் மின்கம்பங்கள்தான் பாதை. தாழ்வழுத்த மின்கம்பி தெருவைக் குறுக்கே கடக்கும் இடத்தில் 5.8 மீட்டர், தெருவோடு ஓடும் இடத்தில் 5.5 மீட்டர் உயரம் குறைந்தபட்சம் இருக்க வேண்டும் என்பது இந்திய மின்விதி. இணைய கேபிள் அதற்குக் கீழேதான் போக முடியும். லாரி உயரத்துக்கு மேலேயும் இருக்க வேண்டும். மிஞ்சும் இடைவெளி குறைவு. அமெரிக்க விதிகளில் கம்பத்தில் மின்கம்பிக்கும் தொலைத்தொடர்பு கேபிளுக்கும் இடையில் பொதுவாக 40 அங்குலம் ஒதுக்கப்படுகிறது. தொலைத்தொடர்புத் தொழிலாளியின் தலைக்கும் கைக்கும் அந்த இடம். நம் கம்பங்களில் பல கேபிள்கள் மின்கம்பிக்குக் கை நீட்டும் தூரத்தில் கட்டப்பட்டிருப்பதை யாரும் தெருவில் நின்றே பார்க்கலாம். தன் சொந்தக் கம்பம் நட்டு இழுக்கும் நிறுவனத்துக்கும் மின்கம்பத்தில் ஏறும் நிறுவனத்துக்கும் இடையே தேர்வு இருந்தால், மாதம் சிறிது கூடக் கொடுத்தாவது முதலாவதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

மொட்டை மாடி ரேடியோவைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. தெருவோடு தொடர்புடைய கேபிள் இல்லை என்பது அதன் பலம். வீட்டிலேயே உயரமான இடத்தில் ஒரு இரும்புக் குழாயை நட்டு, அதிலிருந்து செம்புக் கேபிளை வீட்டுக்குள் இறக்குவது அதன் பலவீனம். மின்னல் அதிகம் விழும் இடங்களில் எர்த்தும் மின்னெழுச்சித் தடுப்பானும் இல்லாமல் அதை வைக்கவே கூடாது. குழாயின் நீளம், அது சாய்ந்தால் மின்கம்பியைத் தொடாத அளவுக்கு இருக்க வேண்டும். கேபிள் உண்மையான செம்பாக இருக்க வேண்டும். செம்பு பூசிய அலுமினியக் கேபிளின் மின்தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, ரேடியோவுக்கு மின்சாரமும் அதே கேபிளில் போவதால் சூடாகும்.

கண்ணுக்குத் தெரியாத ஒளி

உலோகத்தை ஒழித்தபின் ஃபைபரில் மிஞ்சும் ஆபத்துகள் இரண்டு. ஒன்று கண்ணாடித் துணுக்கு. கிளீவர் என்னும் இழை வெட்டும் கருவியில் வெட்டிய துண்டுகளை வீட்டுக் கூடத்தின் தரையில் அப்படியே விட்டுவிட்டுப் போவது சாதாரணமாக நடக்கிறது. தவழும் குழந்தை உள்ள வீட்டில் அதன் விளைவைச் சொல்லத் தேவையில்லை. துணுக்குகளை மூடியுள்ள புட்டியில் போடுவதும், வேலை முடிந்ததும் ஒட்டும் டேப்பால் தரையை ஒற்றி எடுப்பதும் ஒரு நிமிட வேலை.

இன்னொன்று ஒளி. ஃபைபரில் ஓடும் 1310, 1490, 1550 நானோமீட்டர் அலைநீள ஒளி எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே முனையை உற்றுப் பார்த்து வெளிச்சம் வருகிறதா என்று சோதிப்பதில் பயனும் இல்லை. ஒரே இழையின் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும், இணையம் மட்டும் போகும் ஜிபான் இணைப்பில், ஒளி 32 ஆகப் பிரிந்து வீட்டை அடையும்போது அதன் திறன் ஒரு மில்லிவாட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருக்கும். கேபிள் டி.வி.யையும் இணையத்தையும் ஒரே இழையில் தரும் அமைப்புகள் வேறு வகை. அங்கே 1550 நானோமீட்டர் ஒளியை ஃபைபர் ஆம்ப்ளிஃபயர் 20 டிபிஎம், அதாவது 100 மில்லிவாட் அளவுக்குக் கூட்டி அனுப்புவதுண்டு. அந்த அலைநீளத்தில் ஆபத்தற்ற முதல் வகுப்பு லேசருக்கான வரம்பு 10 மில்லிவாட். வாடிக்கையாளரின் வீட்டில் அது தணிந்துவிடும். கம்பத்தில் ஒளியைப் பிரிக்கும் முதல் ஸ்பிளிட்டருக்கு முன்னால் வேலை செய்பவருக்கு அது தணிவதில்லை. ஒளியின் திறனை அளக்கும் பவர் மீட்டரை மாட்டிப் பார்க்காமல் அங்கே எந்த முனையையும் முகத்துக்கு நேராகப் பிடிக்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தனி இணைய ஃபைபர், கூட்டு இணைப்பைவிடத் தெளிவாகப் பாதுகாப்பானது.

ஆக, என் வரிசை இப்படி அமைகிறது. குழாய்கள் முன்பே பதிக்கப்பட்ட அடுக்ககங்களுக்கும் புதிய மனைப்பிரிவுகளுக்கும் நிலத்தடி ஃபைபர். மற்ற எல்லா இடங்களுக்கும் உலோகமில்லாத டிராப் கேபிள், முடிந்தவரை மின்வாரியம் அல்லாத கம்பத்திலிருந்து. எஃகு டிராப் கேபிள் அதற்கு வெகு கீழே, எர்த் செய்த கோஆக்சியலுக்கும் பின்னால்தான் வரும். ஃபைபர் என்ற பெயருக்காக அதை மேலே வைக்க எனக்கு மனமில்லை.

எந்த வழியைத் தேர்ந்தாலும் கம்பத்தில் ஏறுபவருக்குரியவை மாறுவதில்லை: அலுமினிய ஏணி கூடாது, நனைந்த மூங்கில் ஏணியும் கூடாது, இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட்டுக்குப் பதில் முழு உடலையும் தாங்கும் பாதுகாப்புப் பட்டை (ஹார்னஸ்) வேண்டும், மின்வாரியத்திடம் லைன் கிளியர், அதாவது கம்பியில் மின்சாரம் நிறுத்தப்பட்டதற்கான முறையான அனுமதி, பெறாமல் மின்கம்பிக்கு அருகில் வேலை கூடாது. கரண்ட் போயிருக்கிறது என்பதை லைன் கிளியராக எடுத்துக்கொள்வதுதான் இவற்றில் மிக ஆபத்தான பழக்கம். யாரோ ஒரு வீட்டில் தவறாக இணைத்த ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ ஓடத் தொடங்கினால், ரிட்டர்ன் சப்ளை அந்தக் கம்பி வழியாகத் தெருவுக்கு வந்துவிடும். மின்தடை நேரத்தைப் பார்த்து வேலைக்கு ஏறியவருக்கு அது முன்னறிவிப்புத் தருவதில்லை.