சாட்ஸ்வொர்த் வீட்டு அலாரம்: மின்சாரம் போன பிறகு யார் வருவார்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு வீட்டுக்குப் பாதுகாப்பு ஏற்பாடு செய்வதென்றால் கருவி வாங்குவது பாதி, ஆள் அமர்த்துவது மீதிப் பாதி. கோயம்புத்தூரில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தில் ஒரு வாயிற்காவலரும் நடைவழியில் சில கேமராக்களும் இருந்தாலே எல்லோரும் நிம்மதியாக இருக்கிறோம். டர்பனின் புறநகரான, நான் பிறந்து வளர்ந்த சாட்ஸ்வொர்த்தில் அம்மா தனியாக இருக்கும் வீட்டிலோ சன்னல் கம்பி, மடக்கு இரும்புக் கதவு, மதில்மேல் மின்வேலி, உள்ளே அலாரம், அலாரம் அடித்தால் துப்பாக்கியுடன் வண்டியில் வரும் ஆர்ம்ட் ரெஸ்பான்ஸ் ஆள் என்று எல்லாம் அடுக்கடுக்காக இருந்தும், இந்த முறை ஊருக்குப் போனபோது அவற்றில் எது உண்மையில் வேலை செய்கிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. விடுமுறையின் பெரும் பகுதி அதைக் கண்டறிவதிலும், பழைய பாதுகாப்பு நிறுவனத்தை விட்டு வேறொன்றைத் தேர்ந்தெடுப்பதிலும் கழிந்தது. வெளிநாட்டிலிருந்து பெற்றோர் வீட்டை எண்ணிக் கவலைப்படுவோருக்குப் பயன்படக்கூடும் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அம்மாவின் முறையீடு ஒன்றே ஒன்றுதான்: இரவில் காரணமில்லாமல் அலாரம் அடிக்கிறது. அடித்தால் பாதுகாப்பு நிறுவனத்தின் கண்ட்ரோல் ரூமிலிருந்து அழைப்பு வரும், கடவுச்சொல்லைச் சொல்ல வேண்டும், சொன்ன பிறகும் சில நேரம் வண்டி வந்து வாசலில் விளக்கடிக்கும். அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு என்று கூசி அவர் அலாரத்தைப் போடுவதையே நிறுத்திவிட்டிருந்தார். மாதக் கட்டணம் மட்டும் வங்கிக் கணக்கிலிருந்து தவறாமல் போய்க்கொண்டிருந்தது. இதில் திருட்டு அபாயத்தோடு இன்னொரு சிக்கலும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் வீட்டுப் பொருள் காப்பீட்டு ஒப்பந்தங்கள் பலவற்றில், வீட்டில் ஆளில்லாதபோது அலாரம் போடப்பட்டிருக்க வேண்டும், அது கண்ட்ரோல் ரூமுடன் இணைந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. திருட்டு நடந்தால் அலாரம் எப்போது போடப்பட்டது, எப்போது அணைக்கப்பட்டது என்ற பதிவைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே இழப்பீட்டைப் பற்றிப் பேசுவார்கள்.

பழைய நிறுவனத்தை அழைத்தபோது, பழுது பார்க்கும் ஆளுக்குப் பதிலாக விற்பனையாளர் ஒருவர் வந்தார். அலாரத்தின் மூளையான பேனல் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், எல்லாமே பழையதாகிவிட்டது, முழுவதையும் மாற்ற வேண்டும் என்று சொல்லி, புதிய கருவிகளுக்கான விலைப்பட்டியலையும் 36 மாத ஒப்பந்தத்தையும் மேசைமேல் வைத்துவிட்டு, இன்றைக்கே கையெழுத்திட்டால் தள்ளுபடி என்றார். நோயாளியைத் தொட்டுப் பார்க்காமல் மருந்துச் சீட்டு எழுதுகிறவரிடம் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. அவரை அனுப்பிவிட்டு, உறவினர் ஒருவர் பரிந்துரைத்த, எந்த நிறுவனத்தையும் சேராமல் தனியாகத் தொழில் செய்யும் இளைஞரை வரவழைத்தோம்.

வாசலில் நின்று "ஹலோ ஆன்ட்டி, தண்ணி கொஞ்சம் குடுங்க" என்று ஊர் வழக்கப்படி ஆரம்பித்த அவர், தண்ணீரைக் குடித்துவிட்டு நேராக அலமாரிக்குள் இருந்த பேனல் பெட்டியிடம் போனார். மூடியைக் கழற்றி, பேட்டரியின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்தபோது 13.6 வோல்ட் காட்டியது. சரியாகத்தானே இருக்கிறது என்று நான் நினைப்பதற்குள் அவர் சுவரிலிருந்த மின்னிணைப்பைத் துண்டித்தார். எண்கள் கண்முன்னே இறங்கி 11க்கும் கீழே போயின, சிறிது நேரத்தில் கீபேடின் விளக்குகளும் அணைந்துவிட்டன. மின்சாரம் இருக்கும்போது மீட்டரில் தெரிவது சார்ஜரின் அழுத்தமே என்றும், மின்சாரத்தை எடுத்துவிட்டுப் பார்க்காதவரை பேட்டரியின் நிலை தெரியாது என்றும் அவர் விளக்கினார். சரிபார்க்க வருகிறவர் இந்த ஒன்றைச் செய்யாமல் போனால் அவர் எதையும் சரிபார்க்கவில்லை என்றே கொள்ளலாம்.

பேட்டரி கெட்டதன் காரணம் ஊரறிந்தது. இத்தகைய அலாரங்களில் பொதுவாக இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி அளவுள்ள சீலிட்ட ஈய-அமில பேட்டரி. எப்போதாவது மின்சாரம் போகும் வீட்டில் சும்மா இருந்து காத்திருப்பதற்காக அமைக்கப்பட்டது அது. ஆனால் சுழற்சி முறை மின்வெட்டான லோட் ஷெடிங் மிகக் கடுமையாக இருந்த 2023 ஆம் ஆண்டில் ஒரே நாளில் பலமுறை மின்சாரம் போய்வந்தது. பேனல் அந்த பேட்டரிக்குத் தரும் சார்ஜ் மிக மெதுவானது என்பதால், ஒருமுறை இறங்கியது முழுமையாக ஏறுவதற்குள் அடுத்த தவணை வந்துவிடும். அரைகுறையாகவே கிடக்கும் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறைந்துவிடுகிறது. 2024 மார்ச் இறுதியிலிருந்து லோட் ஷெடிங் பெரும்பாலும் நின்று, 2025 முற்பாதியில் சில நாட்கள் மட்டும் தலைகாட்டியதால், பேட்டரியைப் பற்றிய நினைவே பலருக்குப் போய்விட்டது. எங்கள் வீட்டில் சைரன், சென்சார்கள், கண்ட்ரோல் ரூமுக்குச் செய்தி அனுப்பும் ரேடியோ ஆகிய அனைத்தும் அந்த ஒரே பேட்டரியை நம்பியிருந்தன. ரேடியோவுக்கு மாற்று வழியாக அமைத்திருந்த தொலைபேசி இணைப்போ, பழைய செம்புக் கம்பிகள் போனபோதே போய்விட்டிருந்தது. பேனல் மட்டும் இன்னும் அந்த இணைப்பில் அழைக்க முயன்றுகொண்டிருந்தது.

புதிய பேட்டரியாக லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையைப் போட்டோம். விலை கூடுதல்தான், ஆனால் அடிக்கடி இறங்கி ஏறுவதை அது தாங்கும். பேட்டரியின்மேல் அன்றைய தேதியை மார்க்கரால் எழுதிவிட்டே இளைஞர் மூடியை மாட்டினார். மின்சாரம் திரும்பி வரும் கணத்தில் பாயும் கூடுதல் அழுத்தத்திலிருந்து காக்க ஒரு சர்ஜ் தடுப்பானும், தொலைபேசிக்குப் பதிலாக சிம் கார்டு வழியே செய்தி அனுப்பும் கருவியும் சேர்த்தோம். தென்னாப்பிரிக்காவில் 2ஜி, 3ஜி சேவைகளைப் படிப்படியாக நிறுத்தும் திட்டம் இருப்பதால் 4ஜியில் இயங்கும் கருவியா என்று கேட்டு வாங்க வேண்டும். கடைகளில் பழையவை இன்னும் மலிவாகக் கிடைக்கின்றன. சிம் வந்ததற்காக ரேடியோவை எடுத்துவிடவும் கூடாது. மின்வெட்டு நீண்டால் கைப்பேசிக் கோபுரங்களின் பேட்டரிகளும் தீர்ந்துவிடும், ரேடியோவோ அவற்றை நம்பியிருப்பதில்லை. ஆனால் சாட்ஸ்வொர்த் மேடும் பள்ளமுமான ஊர் என்பதால் பள்ளத்தில் இருக்கும் வீட்டிலிருந்து ரேடியோ செய்தி ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்பதைக் கண்ட்ரோல் ரூமிடம் கேட்டு உறுதி செய்துகொள்வது அவசியம்.

காரணமில்லாமல் அடித்ததற்கான காரணம் நடைவழிச் சென்சாருக்குள் இருந்தது. அதன் முன்மூடியைத் திறந்ததும் சர்க்கரைத் தூளைப்போல் எறும்பு முட்டைகளும், ஓரத்தில் பல்லி எச்சமும் தெரிந்தன. இந்தச் சென்சார்கள் தம் முன்னே வெப்பம் நகர்வதைப் பார்த்து ஆள் நடமாட்டத்தை அறிகின்றன. தூரத்தில் போகும் நாயைப் பொருட்படுத்தாத சென்சாருக்கும், தன் கண்மீதே ஊர்ந்து போகும் பல்லி ஆளளவு பெரிதாகத் தெரியும். ஆகவே வளர்ப்பு விலங்குகளுக்கு ஏற்ற வகை என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பி இதற்குத் தீர்வு தேடிப் பயனில்லை. உள்ளே துடைத்து, கம்பி நுழையும் துளையைச் சிலிகோனால் அடைத்து, சென்சாரைச் சாயங்கால வெயில் விழும் சன்னலுக்கு எதிரிலிருந்து நகர்த்தியதும் தொல்லை நின்றது. அதே சமயம், கம்பியின் கடைசியில் சென்சாருக்குள் இருக்க வேண்டிய ரெசிஸ்டர் என்னும் சிறு மின்தடையாக்கிகளை, முதலில் பொருத்தியவர் வேலை சுலபமாகட்டும் என்று பேனலிலேயே மாட்டியிருந்ததும் தெரிந்தது. அப்படி இருந்தால் இடையில் யாராவது இரு கம்பிகளையும் ஒட்டவைத்துவிட்டுச் சென்சாரைக் குருடாக்கினாலும் பேனலுக்குத் தெரியவராது. இதைச் சரிசெய்ய ஆன செலவு, முழுவதையும் மாற்றச் சொன்ன விலைப்பட்டியலோடு ஒப்பிட்டால் பேசத்தக்கதே அல்ல.

மின்வேலியில் பெரிய குறை இல்லை; பக்கத்து வீட்டு மாமரத்தின் கிளை கம்பியைத் தொட்டு, மழை நாளில் மின்னழுத்தம் கசிந்துகொண்டிருந்தது. கிளையை வெட்டியதும் சரியாகிவிட்டது. 2012 அக்டோபர் 1 முதல், புதிதாகப் போடப்படும் அல்லது மாற்றியமைக்கப்படும் மின்வேலிகளுக்கும், வீடு கைமாறும்போது பழைய வேலிகளுக்கும், பதிவுபெற்ற அமைப்பாளரின் சான்றிதழ் கட்டாயம் என்பதை மட்டும் வீட்டை விற்க எண்ணுவோர் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கருவிகள் சரியான பிறகே ஆள் அமர்த்தும் வேலைக்கு வந்தோம். நாட்டில் தனியார் பாதுகாவலர்களின் எண்ணிக்கை காவல்துறையினரைவிடப் பல மடங்கு அதிகம். 2021 ஜூலைக் கலவரத்தின்போது தெருவுக்குத் தெரு மக்களே தடுப்பு வைத்துக் காவல் நின்ற நினைவு இன்னும் ஆறாததால், டர்பனில் இந்தச் செலவைக் குறைக்க யாரும் துணிவதில்லை. 2001 ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த பிசிரா என்ற ஒழுங்குமுறை ஆணையத்தில் நிறுவனமும் அதன் ஒவ்வொரு பாதுகாவலரும் பதிவு செய்திருக்க வேண்டும், அதை ஆணையத்தின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். அதற்கு மேல் நான் நம்பியது அக்கம்பக்கத்தாரின் வாய்மொழியைத்தான். இந்தப் பகுதிக்கென்று இரவில் எத்தனை வண்டிகள் ஓடுகின்றன, அவை எங்கே நிற்கின்றன, ஹிகின்சன் ஹைவேயில் சாயங்கால நெரிசல் இருக்கும்போது எந்த வழியாக வருவார்கள் என்ற கேள்விகளுக்கு விற்பனையாளர்கள் சிரித்து மழுப்பினார்கள். வண்டி ஓட்டுகிறவர்களோ தெளிவாகப் பதில் சொன்னார்கள். முன்னறிவிப்பின்றி ஒருமுறை, ஆபத்தில் ஆளை வரவழைக்கும் பேனிக் பட்டனை அழுத்தி நேரம் பார்க்கலாமா என்று கேட்டதற்கு மறுப்பே சொல்லாமல் ஒத்துக்கொண்ட நிறுவனத்தைத்தான் தேர்ந்தெடுத்தோம். அது பெரிய நிறுவனமில்லை, அதன் விளம்பரப் பலகையை ஊரில் அதிகம் பார்க்கவும் முடியாது.

பழைய ஒப்பந்தத்திலிருந்து வெளியேறுவதற்குச் சட்டம் துணை நின்றது. 2008 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14 ஆம் பிரிவின்படி, குறித்த காலத்துக்குச் செய்துகொள்ளும் இத்தகைய ஒப்பந்தங்கள் பொதுவாக 24 மாதங்களைத் தாண்டக் கூடாது; காலம் முடியும் முன்பே விலக விரும்பும் நுகர்வோர் 20 வேலைநாள் முன்னறிவிப்பு எழுத்தில் கொடுத்தால் போதும், நியாயமான அளவு ரத்துக் கட்டணத்தை மட்டுமே நிறுவனம் கேட்க முடியும். தொலைபேசியில் முடியாது என்று சொன்ன அதே நிறுவனம், பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பியதும் மறுபேச்சின்றி ஒத்துக்கொண்டது. வீடு தேடி வந்து விற்பவரிடம் அவசரப்பட்டுக் கையெழுத்திட்டவர்களும் 5 வேலைநாட்களுக்குள் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம்.

கடைசியாக, அழைக்க வேண்டியவர்களின் பட்டியல். கைப்பேசிச் செயலி வழியாக அலாரத்தின் ஒவ்வோர் அசைவும் கோயம்புத்தூருக்கு வருகிறது என்பதால் என் பெயரையே முதலில் போட அம்மா விரும்பினார். ஆனால் டர்பனில் இரவு 11 மணி என்றால் எனக்கு அதிகாலை 2.30, விழித்தாலும் அங்கிருந்து நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ஆகவே முதலில் சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டு மாமா, அடுத்து ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் அண்ணன், அதற்குப் பிறகு நான் என்று எழுதிக் கொடுத்தோம். யாராவது மிரட்டி அலாரத்தை அணைக்கச் சொன்னால் அழுத்த வேண்டிய தனி எண்ணையும் அம்மா பழகிக்கொண்டார்; அலாரம் வழக்கம்போல் அணைந்தாலும் கண்ட்ரோல் ரூமுக்கு அபாயச் செய்தி போய்விடும். விற்பனை அழைப்புகளுக்குப் பயந்து அறிமுகமில்லாத எண்களை அவர் எடுப்பதே இல்லை என்பதால், புதிய நிறுவனத்தின் கண்ட்ரோல் ரூம் எண்ணை அவர் கைப்பேசியில் பெயரிட்டுச் சேமித்து, அதற்கென்று வேறு மணியொலியும் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.