ஹிலரியா, ஒபாமாவா, எட்வர்ட்ஸா: 2008-இல் என் ஓட்டு போன கணக்கு

அமெரிக்காவில் அடுத்த அதிபர் தேர்தலுக்கு நாலு பெயர் அடிபட ஆரம்பித்தாலே, "யாருக்கு டிக்கெட் கிடைக்கும்?" என்ற பேச்சும் கூடவே வந்துவிடும். அப்போதெல்லாம் எனக்கு 2007-தான் ஞாபகம் வரும். ஜனநாயகக் கட்சியில் எடைபோட்டுப் பார்க்கத் தகுந்த ஆட்கள் அத்தனை பேர் ஒரே சமயத்தில் வரிசை கட்டியது அபூர்வம். நியூ ஜெர்சியில் 2008 பிப்ரவரி 5 அன்று நடந்த பிரைமரியில் (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மாநில ஓட்டெடுப்பு) நான் ஒபாமாவுக்கு ஓட்டுப் போட்டேன். அதனால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தகுதியை மட்டும் பார்த்தால் பில் ரிச்சர்ட்சன்தான் முதலில் நின்றிருக்க வேண்டும். கவர்னர், ஐ.நா. தூதர், எரிசக்தி அமைச்சர் என்று எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்தவர். ஜோ பைடன் அப்போது செனட்டின் வெளியுறவுக் குழுத் தலைவர். முதலில் ஓட்டெடுப்பு நடந்த அயோவாவில் அவருக்கு ஒரு சதவீதம்கூடத் தேறவில்லை, அன்றிரவே விலகிவிட்டார். ஆக, நிஜமான போட்டி மூன்று பேருக்குள்.

ஜான் எட்வர்ட்ஸ், 2004-இல் துணை அதிபர் வேட்பாளராக நின்றவர். மருத்துவக் காப்பீட்டுக்கு விரிவான திட்டத்தோடு முதலில் வந்தவரும் அவர்தான். ஆனால் எல்லாவற்றையும் அயோவா மேலேயே வைத்தார். அங்கே 30 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக வாங்கி இரண்டாம் இடம் வந்தபோது, அடுத்த மாநிலத்துக்குக் கையில் ஒன்றும் மிச்சமில்லை. ஜனவரி 30-இல், எந்த நியூ ஆர்லியன்ஸில் ஆரம்பித்தாரோ அங்கேயே முடித்துக்கொண்டார்.

ஹிலரியின் பலங்களை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2007 முழுக்க நாடளாவிய கருத்துக்கணிப்புகளில் அவர்தான் முன்னால். இந்திய உறவுக்கென்று செனட் உறுப்பினர்கள் சேர்ந்து வைத்திருக்கும் 'இந்தியா காக்கஸ்' என்ற குழுவுக்கு இணைத் தலைவர் என்பதால் நம்மவர்களிடம் தனி மரியாதை. ஒபாமா தரப்போ 2007 ஜூனில், ஹிலரியை 'பஞ்சாப் உறுப்பினர்' என்று கேலி செய்யும் ஒரு குறிப்பைச் சுற்றுக்கு விட்டு மாட்டிக்கொண்டது. அது முட்டாள்தனமான தவறு என்று ஒபாமாவே ஒப்புக்கொண்டாலும், இங்கே பல இந்தியர்களுக்கு அந்தக் கசப்பு சீக்கிரம் போகவில்லை. எனக்கும் உறுத்தியது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: எல்லோரும் கட்டாயம் காப்பீடு எடுக்க வேண்டும் என்று ஹிலரி சொன்னார், பெரியவர்களுக்குக் கட்டாயம் வேண்டாம் என்றார் ஒபாமா. கடைசியில் 2010-இல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தில் ஹிலரி சொன்ன கட்டாயம் இருந்தது. கொள்கை விவரத்தில் அவர் ஒரு படி மேல்தான்.

ஈராக் விஷயம் ஊரறிந்தது. 2002 அக்டோபரில் ஹிலரியும் எட்வர்ட்ஸும் போருக்கு அனுமதி தரும் தீர்மானத்தை ஆதரித்து ஓட்டுப் போட்டார்கள், ஒபாமா சிகாகோவில் எதிர்த்துப் பேசினார். செனட்டில் ஓட்டுப் போட வேண்டிய இடத்தில் அவர் அப்போது இல்லை என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

என்னை ஒபாமா பக்கம் தள்ளியது பிரதிநிதிக் கணக்கு. கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் இந்தப் பிரதிநிதிகள். ஜனநாயகக் கட்சியில் மாநிலத்தை ஜெயித்தவருக்கு எல்லாம் போய்விடாது. 15 சதவீதம் தாண்டியவர்களுக்கு ஓட்டு விகிதப்படி பிரதிநிதிகளைப் பிரித்துக் கொடுப்பார்கள், அதிலும் பெரும்பகுதி தொகுதி வாரியாக. நாலு பிரதிநிதிகள் உள்ள தொகுதி ஒன்று என்று வையுங்கள். 60-க்கு 40 என்று ஒருவர் நன்றாகவே ஜெயிக்கிறார், ஆனால் ஆளுக்கு இரண்டுதான். மூன்றாவது ஆள் வேண்டுமென்றால் 62.5 சதவீதம் தொட வேண்டும். அதுவே ஐந்து பேர் உள்ள தொகுதியாக இருந்தால் 51 சதவீதமே போதும், 3-2. எங்கே உழைத்தால் பலன், எங்கே உழைப்பது வீண் என்று பிரசார ஆட்கள் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டிய விளையாட்டு இது. ஒபாமா தரப்பு போட்டது. நெவாடாவில் ஜனவரி 19 அன்று ஓட்டில் முந்தியது ஹிலரி, ஆனால் பிரதிநிதிகள் ஒபாமாவுக்கு 13, ஹிலரிக்கு 12.

பிப்ரவரி 5-இல் இது இன்னும் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. எங்கள் நியூ ஜெர்சியில் 11 லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. ஹிலரி பத்து சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார், அதில் அவருக்குக் கிடைத்த முன்னிலை 11 பிரதிநிதிகள். அதே நாளில் ஐடஹோவில் சுமார் 21 ஆயிரம் பேர் காக்கஸுக்கு (பூத்துக்குப் பதில் கூட்டம் கூடி ஆதரவைக் காட்டும் முறை) வந்தார்கள், ஒபாமாவுக்கு 12 பேர் முன்னிலை. பொதுத் தேர்தலில் ஜனநாயகக் கட்சிக்கு வாய்ப்பே இல்லாத மாநிலம் அது. அங்கேயும் போய் அலுவலகம் திறந்து ஆள் பிடித்ததன் பலன் ஒரே ராத்திரியில் நியூ ஜெர்சியை ஈடுகட்டிவிட்டது. நான் தோற்ற பக்கம் ஓட்டுப் போட்டும் அது வீணாகவில்லை என்பதும் இதே விதியால்தான்.

அப்புறம் பணம். பிரைமரிக்கு ஒரு தனிமனிதர் அப்போது அதிகபட்சம் 2,300 டாலர்தான் தர முடிந்தது. ஹிலரியின் நன்கொடையாளர்களில் நிறையப் பேர் ஆரம்பத்திலேயே அந்த உச்சத்தைத் தொட்டுவிட்டார்கள். பிப்ரவரி 5-க்குள் முடிந்துவிடும் என்ற நினைப்பில் செலவும் செய்தாகிவிட்டது. கட்டுச்சோறு எத்தனை நாளைக்கு வரும்? சொந்தப் பணத்தில் 50 லட்சம் டாலர் கடனாகப் போட வேண்டியதாயிற்று. ஒபாமாவுக்கு இணையம் வழியாக இருபத்தைந்தும் ஐம்பதுமாகக் கொடுத்தவர்களிடம் அடுத்த மாதமும் கேட்க முடிந்தது. பிப்ரவரி 5-க்குப் பிறகு வரிசையாகப் பதினொன்றை அவர் ஜெயித்தபோதே கணக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது. மார்ச்சில் டெக்சாஸ் பிரைமரியை ஹிலரி ஜெயித்தும், காக்கஸையும் சேர்த்துப் பார்த்தால் அங்கேயும் ஒபாமாவுக்கே பிரதிநிதிகள் அதிகம்.

காக்கஸ் பற்றி நான் அடித்துப் பேச முடியாது. எங்களுடையது பூத்துக்குப் போய் ஓட்டுப் போடும் மாநிலம். குளிரில் ராத்திரி ஏழு மணிக்கு ஒரு பள்ளிக்கூட ஜிம்முக்குப் போய், அக்கம்பக்கத்தார் பார்க்க ஒரு மூலையில் நின்று, நம் மூலைக்கு 15 சதவீதம் சேரவில்லையென்றால் அடுத்த மூலைக்கு நகர்வது எப்படி இருக்கும் என்று அயோவாக்காரர்கள்தான் சொல்ல வேண்டும். ராத்திரி ஷிப்டில் இருக்கும் நர்ஸால் அங்கே வர முடியுமா என்ற ஹிலரி தரப்பின் புகாரில் நியாயம் இருந்ததாகத்தான் எனக்குப் படுகிறது. பிறகு பல மாநிலங்கள் காக்கஸைக் கைவிட்டுப் பிரைமரிக்கு மாறிவிட்டன. ஆக ஒபாமாவுக்குக் கிடைத்த அந்த லாபம் இனி வருகிறவர்களுக்கு அதே அளவில் கிடைக்காது. 15 சதவீத விதியும் விகிதக் கணக்கும் மட்டும் அப்படியே இருக்கின்றன.

குடியரசுக் கட்சிக்கு இதைப் பொருத்திப் பார்க்காதீர்கள். அங்கே பல மாநிலங்களில் ஜெயித்தவருக்கே மொத்தமும். அதே பிப்ரவரி 5, அதே நியூ ஜெர்சி: மெக்கெயின் 55 சதவீதம் வாங்கினார், 52 பிரதிநிதிகளும் அவருக்கே. ஹிலரி வாங்கியது 54 சதவீதம், கிடைத்த முன்னிலை 11 பிரதிநிதிகள்தான்.