உமா பேசும் கடைசிக் காட்சி

என் தங்கை மகளுக்குக் கல்யாணமாகி நாலு மாதம். போன வாரம் போனில் கேட்டாள்: "பெரியம்மா, 'சம்சாரம் அது மின்சாரம்' பாருன்னு அத்தை சொல்றாங்க. அதுல வர்ற லட்சுமி மாதிரி இருக்கணுமாம். எப்படி, பார்க்கலாமா?" முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்கிற படம். போனில் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

'உறவுக்கு கை கொடுப்போம்' என்ற விசுவின் மேடை நாடகம்தான் மூலம். 1975லேயே ஒரு தடவை படமாகி, 1986ல் ஏவி.எம். தயாரிப்பில் அவரே இயக்கி நடித்து மறுபடி வந்தது. தேசிய விருதும் கிடைத்தது. நாடகம் படமாவது எங்கள் சேலத்துக்குப் புதிதில்லை. ஏற்காடு ரோட்டில் இன்று நுழைவு வளைவு மட்டும் நிற்கிற மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோ 1950ல் எடுத்த 'மந்திரி குமாரி'யும் நாடகமாக இருந்ததுதான். ஆனால் இந்தப் படத்தில் மேடை வாசம் கடைசி வரை போகாது. முக்கியமான சண்டையெல்லாம் கூடத்தில்தான். ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் நின்று கேட்பார்கள். அதைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதுதான் பிடிக்கும். தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசியே பழகிய அம்மாப்பேட்டை வீடு எங்களுடையது. ஒருவர் சொல்வதை இன்னொருவர் முழுசாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

அப்பாவுக்கும் மூத்த மகனுக்கும் சண்டை முற்றி வீட்டுக்கு நடுவே கோடு போடுகிற காட்சியை இன்றும் என்னால் சும்மா உட்கார்ந்து பார்க்க முடியாது. எங்கள் வீட்டில் பாகம் பிரித்தபோது கொத்தனார் வந்து நூல் பிடித்தார். கிணறு கொழுந்தனார் பக்கம், அடுப்படி எங்கள் பக்கம். சுவர் எழும்பிய அன்று சாயங்காலம் குடத்தோடு பழைய வழியிலேயே நடந்து போய், ஈரச் செங்கல் முன்னால் நின்றேன். சிமெண்ட் இன்னும் காயவில்லை. குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு தெருவைச் சுற்றிப் போனேன்.

சரி, என் கோபத்துக்கு வருகிறேன். டிவியில் இந்தப் படம் போட்டால் மாமியார் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைப்பார். லட்சுமி நடித்த மூத்த மருமகள் உமா பொறுத்துப் போகிற இடமெல்லாம் "பாரு, மருமகள்னா இப்படி இருக்கணும்" என்பார். குடும்பம் ஒன்று சேர்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வா, சாதம் வைக்கலாம்" என்று எழுந்துவிடுவார். நானும் பின்னாலேயே போவேன். அதற்கப்புறம் ஒரு காட்சி இருப்பதே பல வருஷம் எனக்குத் தெரியாது. ஒரு நாள் தனியாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது: எல்லோரும் சேர்ந்த பிறகு, சேர்ந்து வாழ வேண்டாம் என்று சொல்வதே அந்த உமாதான். மறுபடி விரிசல் விடுவதற்குள், பாசம் இருக்கும்போதே தள்ளிப் போய்விடலாம் என்கிறாள். படத்தின் உயிரே அதுதான். எங்கள் தெருவில் உமாவைப் புகழாத மாமியார் இல்லை, இதைச் சொன்ன மாமியாரும் இல்லை.

படத்தின் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. உமா அதைச் சொல்ல முதலில் உடைந்த குடும்பத்தை ஒட்ட வைத்தாக வேண்டியிருக்கிறது. நல்ல மருமகள் என்று பெயர் வாங்கிய பிறகுதான் அவள் வாய்க்கு மதிப்பு. பேர் வாங்காதவள் இதையே சொல்லியிருந்தால்? நான் கேட்கலாமே என்று துணிந்த நேரத்தில் மாமியார் படுக்கையில் விழுந்துவிட்டார். அப்புறம் கேட்க மனசு வரவில்லை.

மூத்த மகனாக வரும் ரகுவரன் நிதானமாகக் கணக்குப் பேசுவதற்கும், சம்பந்தியாக வரும் கிஷ்மு வீட்டுக்கே போய் வேலைக்காரி மனோரமா மல்லுக்கு நிற்பதற்கும் இன்னும் பத்துத் தடவை பார்க்கலாம். இவ்வளவு சொல்லியும், கண்ணு, இப்போதைக்கு நீ பார்க்க வேண்டாம். நாலு மாதத்தில் இந்தப் பாரம் உனக்கு எதற்கு?

அத்தை விடவில்லை என்றால் ஒன்று செய். சாதத்தை முன்னாடியே வடித்து வைத்துவிட்டு, இரண்டு பேரும் உட்காருங்கள்.