ஈரோட்டில் ஒரு பேட்மிண்டன் பயிற்சி மையம்: மூன்று நட்சத்திரம்

மரத் தரை, நல்ல வெளிச்சம், கோச் பொறுமைசாலி. பையனுக்கு மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது, படுத்ததும் தூங்கிவிடுகிறான். குதித்து ஆடுவது வளரும் எலும்புக்கும் பலம்தான்.

ஆனால் ஞாயிறுகூட லீவு கிடையாது. முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்த இடத்தைத் தொட்டாலே துள்ளுகிறான். "வளர்ற வலிதானுங்க, சரியாயிருமுங்க" என்றார்கள். எலும்பு டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்றார்: வேகமாக வளரும் வயதில், தொடைத் தசையின் நார், கீழே தான் சேரும் இளசான எலும்பை இழுத்து இழுத்து வரும் வலி. 12 வயது என்றால் வாரத்துக்கு 12 மணி நேரத்துக்குள், ஒரு நாளாவது ஓய்வு, இது விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. இங்கே கேட்டால், "ஸ்டேட் ஆட வேண்டாமுங்களா?" என்கிறார்கள்.

வார இறுதி பேட்ச் மட்டும் போதும் என்றால் தாராளமாகச் சேர்க்கலாம். பார்க்கிங் சுமார்.