எடுக்க வேண்டாத போனும் எடுத்தே தீர வேண்டிய போனும்

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், செம்பூர் வீட்டில் அம்மாவுக்கு ஒரு போன். போன மாத பில் கணக்கில் ஏறவில்லை, ராத்திரி ஒன்பதரைக்கு காஸை நிறுத்திவிடுவோம் என்று இந்தியில் ஒருவன். வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வருமாம், அதைத் திறந்து பன்னிரண்டு ரூபாய் கட்டினால் போதுமாம். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது, அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறாள். அந்த நேரம் பார்த்து நான் உள்ளே நுழைந்தேன். வந்திருந்தது பில் இல்லை, ஒரு ஏபிகே, அதாவது ஆண்ட்ராய்டு போனில் செயலியை ஏற்றும் ஃபைல். அதை ஏற்றிக்கொண்டு, கேட்கிற அனுமதியையெல்லாம் கொடுத்தால், வருகிற ஓடிபி எல்லாம் அவன் கைக்குப் போய்விடும்.

நான் கத்தினேன். அம்மா அசரவில்லை. "022ன்னுதானடா போட்டிருக்கு, நம்ம மும்பை நம்பர்தானே?"

நியாயமான கேள்வி. ஆனால் திரையில் தெரியும் எண், கடித உறையில் எழுதும் அனுப்புநர் முகவரி மாதிரிதான். எழுதுகிறவன் எதை வேண்டுமானாலும் எழுதலாம், தபால்காரர் அதைச் சரிபார்ப்பதில்லை. இணையம் வழியாக அழைப்பவன், தன் எண் இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு எண்ணைப் போட்டு அனுப்ப முடியும். வெளிநாட்டிலிருந்து இந்திய எண் வேஷத்தில் வரும் அழைப்புகளைத் தடுக்க 2024 அக்டோபரில் மத்திய அரசு ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில் மட்டும் 1.35 கோடி அழைப்புகள் பிடிபட்டதாகச் சொன்னார்கள். ஆனால் உள்ளூரிலேயே ஒரு பெட்டியில் டஜன் கணக்கில் சிம்மைச் செருகி, இணைய அழைப்பை உள்ளூர் அழைப்பாக மாற்றி விடுகிறவர்களை அந்த வடிகட்டி என்ன செய்யும்? அங்கே எண் நிஜம், ஆள்தான் பொய்.

தாராவியில் அத்தானுக்கு வேறு மாதிரி தலைவலி. லெதர் பை தைத்து மொத்தமாக விற்கிறார். தெரியாத எண்ணில்தான் அவருக்குச் சோறு. இந்த இரண்டு போன்களையும் வைத்து, இருக்கிற வழிகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன்.

முதலில், தெரியாத எண் என்றால் மணியே அடிக்காமல் செய்வது. ஐபோனில் இதற்கென்றே ஒரு வசதி உண்டு. ஆண்ட்ராய்டில் 'தொந்தரவு செய்யாதே' நிலையை வைத்து, சேமித்த எண்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் கிட்டத்தட்ட அதே பலன். அம்மாவுக்கு இது சொர்க்கம். ஒரு வாரம் வீடே அமைதி. எட்டாம் நாள் ரத்தப் பரிசோதனைக்கு ஆள் வந்து, கீழே நின்று நாலு தடவை அடித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். வெறும் வயிற்றில் பதினோரு மணி வரை காத்திருந்த அம்மா என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. அத்தானிடம் இந்த யோசனையைச் சொன்னபோது, "அப்போ கடையையும் மூடிடவா?" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

அத்தான் நம்புவது, கூப்பிடுகிறவர் பெயரைத் திரையில் காட்டும் ட்ரூகாலர் செயலியை. 2009இல் சுவீடனில் தொடங்கிய கம்பெனி, இப்போது அதற்குப் பெரிய சந்தையே இந்தியாதான். ஊரார் புகாரும் ஊரார் வைத்த பெயரும்தான் அதன் பலம். அத்தானை யாரோ 'பேக்வாலா தாராவி' என்று பதிந்து வைத்திருக்க, அவர் கூப்பிடும் இடமெல்லாம் அந்தப் பெயரே தெரிகிறது. அவருக்கு அதில் பெருமை வேறு. கடன் விற்பவர்களை, இன்ஷூரன்ஸ்காரர்களை இது நன்றாகவே காட்டிக் கொடுக்கிறது. நேற்று வாங்கிய சிம்முக்கு மட்டும் பெயர் இருக்காது. அதைவிட மோசம், ஒருவன் வங்கியின் எண்ணையே வேஷம் போட்டு வந்தால், அந்த எண்ணுக்குரிய வங்கியின் பெயரையே எடுத்துக் காட்டும். பொய்க்கு முத்திரை குத்திக் கொடுத்த மாதிரி. நம் தொடர்புப் பட்டியலை ஒரு தனியார் செயலியிடம் கொடுக்கலாமா என்ற கேள்வியும் எனக்கு உண்டு. அத்தானுக்கு இல்லை.

தொலைபேசி கம்பெனிகளே தரும் எச்சரிக்கை இதைவிட எனக்குப் பிடித்தது. ஏர்டெல் 2024 செப்டம்பரில் தொடங்கியது, தனிச் செயலி தேவையில்லை. ஓர் எண்ணிலிருந்து எத்தனை அழைப்பு போகிறது, எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்ற போக்கைப் பார்த்து 'ஸ்பேம்' என்று திரையில் போடுகிறது. ஆயிரம் பேருக்கு அடிப்பவனை இப்படிப் பிடிக்கலாம். நிதானமாக நாலே பேருக்கு அடிப்பவனைப் பிடிப்பது கஷ்டம். இதையெல்லாம்விட நம்பகமாக இருக்கட்டும் என்று, சிம் வாங்கும்போது கொடுத்த பெயரையே திரையில் காட்ட 2024 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. நல்ல யோசனைதான், ஆனால் அடுத்தவர் ஆதாரில் வாங்கிய சிம் அந்த அடுத்தவரின் பெயரைத்தானே காட்டும்?

1909க்குச் சொல்லி டிஎன்டி, அதாவது விளம்பர அழைப்பு வேண்டாம் என்ற பதிவு, போடுவது சட்டத்துக்குப் பயந்த விற்பனையாளரை நிறுத்தும். திருடன் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டா அடிக்கிறான்?

மிச்சம் இருப்பது காசு செலவில்லாத வழி: போனை வைத்துவிட்டு, நாமே திரும்பக் கூப்பிடுவது. எல்லாவற்றிலும் இதற்குத்தான் என் ஓட்டு. வேஷம் போட்ட எண், நம் பக்கம் வரும்போதுதான் வேலை செய்யும். அதே எண்ணை நாம் அடித்தால், அழைப்பு அதன் நிஜச் சொந்தக்காரரிடம்தான் போகும். ஆனாலும் வந்த எண்ணையே திருப்பி அடிக்கக் கூடாது. அது பெட்டியில் செருகிய சிம்மாக இருந்தால் அவனே எடுப்பான். கூகுளில் தேடியும் அடிக்கக் கூடாது, போலி கஸ்டமர் கேர் எண்கள் அங்கேதான் தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கின்றன. பழைய காகித பில்லில் அச்சடித்த எண், கார்டின் பின்பக்க எண், இவை போதும். அம்மாவின் பிரிட்ஜில் திருச்செந்தூர் முருகன் காந்தத்துக்கு அடியில் பெரிய எழுத்தில் ஒரு தாள் தொங்குகிறது: காஸ், வங்கி, பணம் போய்விட்டால் உடனே அடிக்க சைபர் குற்ற உதவி எண் 1930. ஏமாந்த உடனே 1930க்குச் சொன்னால், பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க ஒரு வாய்ப்பாவது இருக்கும்.

சிக்கல் நான் நினைக்காத இடத்தில் வந்தது. "பேசிட்டிருக்கும்போதே எப்படிடா வைக்கிறது? மரியாதை இல்லையா?" போலீஸ் வேஷத்தில் டிஜிட்டல் கைது என்று சொல்லி மணிக்கணக்கில் வீடியோவில் உட்கார வைப்பவர்களும் இதைத்தானே பிடித்துக்கொள்கிறார்கள்? அப்படி ஒரு கைது சட்டத்திலேயே இல்லை என்று விளக்கினேன். தலையாட்டினாள், ஆனால் கை போனை வைக்காது. கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். சந்தேகம் வந்தால் "பால் பொங்குது" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவது. பொய்யும் இல்லையாம், ஏதாவது ஒரு வீட்டில் பொங்கிக்கொண்டுதானே இருக்கும்.

போன வாரம் என் போனில் சார்ஜ் குறைவு. ஆபீஸ் லேண்ட்லைனிலிருந்து கூப்பிட்டு, சாயங்காலம் வருகிறேன், ஏடிஎம் கார்டை எடுத்து வை என்றேன்.

"பால் பொங்குது" என்று வைத்துவிட்டாள். இரண்டு நிமிடத்தில் என் மொபைல் அடித்தது. "டேய், உன் குரல்லயே ஒருத்தன் கார்டு கேக்கறான்."