சாய்ந்த மின்கம்பத்துக்கு உங்களிடம் பணம் கேட்டால், கொஞ்சம் பொறுங்கள்

வாசலில் நிற்கும் மின்கம்பம் பழுதாகி, அதற்காக மின் நிறுவனம் உங்களிடம் ஒரு படிவத்தை நீட்டினால், கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் வாசல் கம்பத்தின் அடியில் கான்கிரீட் உதிர்ந்து, உள்ளிருக்கும் இரும்புக் கம்பிகள் துருப்பிடித்து வெளியே தெரிந்தன. இழுத்துப் பிடிக்க வேண்டிய ஸ்டே கம்பி தொளதொளவென்று கிடந்தது. காற்றடித்தால் மேலே ஒயர்கள் உரசிப் பொறி பறக்கும். பிள்ளைகள் பள்ளி வேனுக்கு நிற்பது அதன் கீழேதான்.

புகார் கொடுத்தோம். பார்க்க வந்த லைன்மேனே, "ஆபத்துதான் சார்" என்றார். ஆனால் அலுவலகத்தில் கொடுத்தது 'கம்பத்தை இடம் மாற்றக் கோரும் விண்ணப்பம்'. புதுக் கம்பம், ஆள்கூலி, மேற்பார்வைக் கட்டணம் என்று எஸ்டிமேட் முழுவதும் எங்கள் தலையில். பணம் கட்டினால்தான் வேலை நடக்கும் என்றார்கள். மழைக்காலம் நெருங்கிவிட்டது, கட்டினோம். அப்புறம் பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு ஒரே வரிப் பதில்: 'மனுதாரரின் சொந்த வேண்டுகோளின்படி செய்யப்பட்ட பணி.' எங்கள் முதல் புகாரோ, கம்பத்தில் யாரும் கை வைப்பதற்கு முன்பே 'சரிசெய்யப்பட்டது' என்று முடிக்கப்பட்டிருந்தது!

சூட்சுமம் இங்கேதான். கேட் வைக்க இடைஞ்சல் என்று நாமாகக் கம்பத்தை நகர்த்தச் சொன்னால் செலவு நம்முடையது, அது நியாயம். அவர்கள் நட்ட கம்பம் இற்றுப்போனால் அது பராமரிப்பு, அவர்கள் செலவு. இரண்டாவதை முதலாவதாக எழுத வைத்துவிடுகிறார்கள். பணம் போவதைவிட மோசம், ஆபத்து இருந்தது அவர்களுக்குத் தெரியும் என்பதற்கான பதிவே இல்லாமல் போகிறது.

சட்டம் அவர்கள் பக்கம் இல்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 2002-ல் மத்தியப் பிரதேச மின்வாரிய வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. மழைத் தண்ணீரில் கிடந்த மின்கம்பி பட்டு, சைக்கிளில் வந்தவர் இறந்துபோனார். யாரோ திருட்டுத்தனமாகக் கொக்கி போட்டதால் வந்த வினை என்று வாரியம் வாதாடியது. அது எடுபடவில்லை. இவ்வளவு ஆபத்தான பொருளைக் கொண்டுசெல்பவர்கள், தங்கள் கவனக்குறைவு இல்லாவிட்டாலும் இழப்பீடு தர வேண்டும் என்றது தீர்ப்பு.

அதனால் புகாரில் 'இடமாற்றம்' என்ற சொல்லே வர வேண்டாம். 'உயிருக்கு ஆபத்து, உடனே பழுது நீக்கவும்' என்று எழுதுங்கள். கம்பத்தின் எண்ணும் பழுதும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். பதிவு எண்ணோடு ரசீது வாங்குங்கள். பணம் கட்டியே தீர வேண்டிய நிலை வந்தால், கையெழுத்துக்கு மேலே 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதிவிடுங்கள். கம்பி அறுந்தே விழுந்துவிட்டால் எழுத்தெல்லாம் அப்புறம்: குறைந்தது 10 மீட்டர் தள்ளி நின்று, யாரையும் கிட்டே விடாமல், முதலில் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.

எங்கள் பணத்துக்கு மேல்முறையீடு செய்திருக்கிறோம். தெருவில் இதே நிலையில் இருக்கும் மற்ற கம்பங்களுக்கு ஆபத்துப் புகார் கொடுத்து ரசீது வாங்கியாயிற்று. இனி அந்தப் படிவத்தை யார் நீட்டினாலும் எங்கள் தெருவில் ஒருவரும் வாங்கப் போவதில்லை.